நினைவு அட்டையும் தறி அட்டையும்

கிணத்துக்கடவிலும் அதனை அடுத்த நெகமம் பகுதியிலும் ஜக்கார்டு பெட்டி ஏற்றிய தறியில் அமர்ந்து பழகிய நெசவாளருக்கு அட்டை என்பது யாதென நாம் விளக்க வேண்டுவதில்லை. லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-இல் அமைத்த முறையில் ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. துளையுள்ள இடத்தில் ஊசி நுழைகிறது. கொக்கி தன் இடத்தில் நின்று தூக்கப்படுகிறது. பாவு நூல் எழுகிறது. துளையில்லாத இடத்தில் ஊசி தள்ளப்பட்டுக் கொக்கி விலகுகிறது. 'உண்டு', 'இல்லை' என்னும் இரண்டே சொற்களால் முந்தானையில் மாங்காயும் அன்னமும் உருவாகின்றன.

கைப்பேசியில் செருகும் நினைவு அட்டையும் இவ்விரண்டு சொற்களை மட்டுமே அறியும். அதனுள் துளைக்குப் பதிலாக மின்னேற்றம் இருக்கிறது. மின் கடத்தாப் படலத்தால் சூழப்பட்ட நுண்ணிய அறைகளில் எலெக்ட்ரான்கள் சிறைப்படுகின்றன. மின்சாரம் நின்ற பின்னும் அவை வெளியேறுவதில்லை. ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் புஜியோ மசுவோகா 1980-களில் கண்ட வழி இது. எஸ்.டி. அட்டையைப் பானசோனிக், சான்டிஸ்க், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் 1999-இல் அறிவித்தன. இன்று கைப்பேசியில் செருகும் சிறு வகை 15 மில்லிமீட்டர் நீளமும் 11 மில்லிமீட்டர் அகலமுமே உடையது.

ஒரு கணக்குப் பார்ப்போம். 400 கொக்கிப் பெட்டியின் ஓர் அட்டையில் 400 விடைகள். எட்டு விடை ஒரு பைட். ஆகவே ஓர் அட்டைக்கு 50 பைட். 32 ஜிகாபைட் நினைவு அட்டையில் இவ்வாறு 64 கோடித் தறி அட்டைகள் அடங்கும்! அவற்றைக் கோத்துத் தொங்கவிட நம் ஊர் வீடுகளின் உத்தரங்கள் போதா.

ஆயினும் ஓர் அச்சம் உண்டு. எலி கடித்த தறி அட்டையைக் கண்ணால் கண்டு, அந்த ஒன்றை மட்டும் புதிதாகத் துளையிட்டுக் கோத்துவிடலாம். நினைவு அட்டை கெட்டால் பெரும்பாலும் முழுவதும் போய்விடும். நம் கையிலிருந்த ஒன்று அவ்விதம் போயிற்று. எழுதிக்கொண்டிருக்கும்போதே அதனைப் பிடுங்கிய அவசரமே காரணம். கரை வடிவங்களை வரைகட்டத் தாளிலிருந்து மீண்டும் ஏற்றப் பல இரவுகள் செலவாயின. தாள் இருந்ததனால் தப்பினோம்.

எழுதி அழிக்கும்தோறும் மின்னறையின் படலம் தேய்கிறது. நெடுநாள் உபயோகிக்காமல் வைத்தால் மின்னேற்றம் மெல்லக் கசியும். வெப்பம் அதனை விரைவுபடுத்தும். எனவே தகரக் கூரையடியில் வைத்தலாகாது. வடிவங்களை இரண்டு அட்டைகளில் எடுத்து, ஒன்றைச் சங்கத்திலும் மற்றொன்றை வீட்டிலும் வைத்துக்கொள்ளலாம். பெரிய அளவு அட்டையின் ஓரத்திலுள்ள தாழைத் தள்ளினால் எழுத்து தடைப்படும். ஆனால் அதற்குக் கீழ்ப்படிவது கருவியேயன்றி அட்டையன்று.

மலிவாகக் கிடைக்கும் போலிகளைப் பற்றியும் ஒரு சொல். 64 என அச்சிட்டிருந்தும் உள்ளே 8 மட்டுமே இருக்கக்கூடும். நிரம்பியபின் எழுதுவது முன்னதை அழித்துவிடும். வாங்கியதும் அதனை முழுவதும் நிரப்பி, கோப்புகளை மீண்டும் திறந்து பார்த்தல் வேண்டும். முதலில் வைத்த கோப்பு திறவாவிடில் அதனைக் கடைக்காரரிடம் அன்றே திருப்பிக் கொடுத்துவிடலாம்.