நம்பர் அம்மா போன்ல இருக்கு

தைப்பூசத்துக்கு முதல் நாள் காலை. பினாங்கு வீதி கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும் நேரம். சூலியா தெருவில் தண்ணீர்ப் பந்தல் போட்டு நின்றிருந்தோம். எட்டு வயசுப் பையன் ஒருத்தன் அழுதுகொண்டே வந்தான்.

"தம்பி, அம்மா நம்பர் சொல்லு."

"தெரியாதுண்ணே. அம்மா போன்ல இருக்கு."

அழுகையை நிறுத்த ஏதேதோ பேசினோம். ஒன்பதாம் வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் ஒப்பித்தான்! அரை மணி நேரம் கழித்துத் தாயார் தேடி வந்துவிட்டார். ஆனால் அந்த அரை மணி நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை.

நண்பர்களே, உலகச் சுகாதார நிறுவனம் 1993-இல் பள்ளிகளுக்கான வாழ்க்கைத் திறன் கல்வி பற்றிய கையேட்டில் பத்துத் திறன்களைச் சொன்னது. முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், பேசிப் புரியவைத்தல், மன அழுத்தத்தைச் சமாளித்தல் எல்லாம் அதில் அடக்கம். இவை சொல்லிக் கொடுத்து வருவதில்லை. செய்து பார்த்துத்தான் வரும். அன்று பினாங்கு வீதிக் கிட்டங்கிகளில் செட்டியார் வீட்டுப் பையன்கள் பெட்டியடியில் உட்கார்ந்துதான் கணக்குக் கற்றார்கள். இன்று பிள்ளைகளை வேலைக்கு அனுப்ப வேண்டாம். அந்தக் கற்கும் முறையை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

வீட்டில்: ஐந்து வயதில் சொந்த முழுப்பெயர், அப்பா அம்மா பெயர். அடுத்து போன் நம்பர். அதை ராகமாகப் பாட வைத்து, வேறொருவர் கைப்பேசியில் அழுத்திப் பழக்குங்கள். எட்டு வயதில் ஐந்து ரிங்கிட் கொடுத்து, கடை வாசலில் நீங்கள் நின்றுகொண்டு, கற்பூரம் வாங்கச் சொல்லுங்கள். மீதிக் காசு குறைந்தால் திட்டாதீர்கள். "வா, கேட்டுப் பார்ப்போம்" என்று கூடவே போங்கள். ஆனால் அவனையே கேட்க விடுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் மூன்று திறன்களாவது பழகிவிடும்.

பள்ளியிலும் சமய வகுப்பிலும்: பத்து நிமிடம் நடித்துப் பார்க்கலாம். ஒருவன் தொலைந்த பிள்ளை, ஒருத்தி போலீஸ். தொலைந்தால் ஓடாதே, நின்ற இடத்திலேயே நில், போலீஸ், பந்தல் தொண்டர், குழந்தையோடு நிற்கும் ஓர் அம்மா, இவர்களில் ஒருவரிடம் சொல், யார் கூப்பிட்டாலும் கூட்டத்தை விட்டுத் தனியே போகாதே, அவசரத்துக்கு 999. ஒரு தரம் போதாது, மாதம் ஒரு தரம் செய்ய வேண்டும்.

வரும் வாரத் தேவார வகுப்பில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அம்மா நம்பர் என்ன?" தெரியாத பிள்ளைக்கு அன்றைக்கே கற்றுக்கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள். அடுத்த தைப்பூசத்துக்கு அது போதும்.