வரைபடத்தில் நடந்து பார்த்தல்

பாடநோக்கம்: வீட்டு வரைபடம் ஒன்றைப் படித்து, அதன் நிறைகுறைகளைக் காரணத்துடன் எடுத்துரைத்தல்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்குவோர் பலர், வீட்டைக் காணும் முன்பே அதன் வரைபடத்தைக் காண்கின்றனர். கட்டடம் அப்போது தூண்களாகவே நிற்கும். சில வேளைகளில் அதுவும் இராது. எனவே ஒரு தாளில் உள்ள கோடுகளை நம்பியே பல ஆண்டுச் சேமிப்பைச் செலவிட நேர்கிறது. அக்கோடுகளைப் படிக்கக் கற்பது கடினமன்று. தடித்த இரட்டைக் கோடு சுவர். அதன் இடையே மெல்லிய கோடுகள் உள்ள பகுதி சன்னல். கால்வட்டம் போன்ற வளைவு, கதவு திறக்கும் பக்கத்தைக் காட்டுவது. மூலையில் உள்ள அம்புக்குறி வடக்குத் திசை. 1:100 என்று குறித்திருப்பின், தாளில் ஒரு சென்டிமீட்டர் என்பது தரையில் ஒரு மீட்டர்.

இவற்றை அறிந்த பின்னரும் ஒரு வினா எஞ்சும். அந்த வீடு யாருக்குப் பொருந்தும் என்பதை எந்தக் கோடும் சொல்வதில்லை.

தில்லியை அடுத்த நொய்டாவில், ஒரே விலைக்கு இரண்டு வீடுகள் ஒரு தமிழ்க் குடும்பத்தின் முன் வந்தன. தந்தை, தாய், எட்டாம் வகுப்பில் பயிலும் மகள் ஆகிய மூவரும் வாடகை வீட்டில் வாழ்ந்து வந்தனர். முழங்கால் வலியால் துன்புறும் பாட்டி, கும்பகோணத்துக்கு அருகிலுள்ள சிற்றூரில் தனியே இருந்தார். புது வீட்டுக்குப் போகும்போது அவரையும் அழைத்து வருவது என்பது முடிவாகியிருந்தது. இரண்டு வீடுகளிலும் இரண்டு படுக்கையறைகளே. பாட்டியும் பேத்தியும் ஓர் அறையில் தங்குவர்.

முதல் வீட்டின் விளம்பரத்தில் 1,290 சதுர அடி என்றிருந்தது. இரண்டாம் வீட்டின் விளம்பரத்தில் 1,180 சதுர அடி. அதே விலைக்கு 110 சதுர அடி கூடுதலாகக் கிடைப்பதைத் தந்தை பெரிதும் விரும்பினார். ஆனால் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் காணப்படும் பரப்பு, பெரும்பாலும் மின்தூக்கி, படிக்கட்டு, பொது நடைவழி ஆகியவற்றின் பங்கையும் சேர்த்துக் கணக்கிட்டதாகும். வீட்டுக்குள் மக்கள் புழங்கும் பரப்பையே கார்ப்பெட் பரப்பு என்பர். 2016ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் இதற்கு வரையறை தந்துள்ளது. அதன்படி வெளிச்சுவர்கள், குழாய்கள் செல்லும் இடைவெளி, பால்கனி, திறந்த மொட்டைமாடி ஆகியவை இதில் சேரா. அறைகளைப் பிரிக்கும் உட்சுவர்கள் சேரும்.

கார்ப்பெட் பரப்பைத் தேடிப் பார்த்தபோது, முதல் வீட்டுக்கு 826 சதுர அடியும் இரண்டாவதற்கு 780 சதுர அடியும் இருந்தன. 110 ஆகத் தோன்றிய வேறுபாடு 46 ஆகக் குறைந்தது. மகள் மேலும் ஒரு கணக்குப் போட்டாள். முதல் வீட்டில் 21 அடி நீளமும் 4 அடி அகலமும் உள்ள நீண்ட நடை ஒன்று இருந்தது. 84 சதுர அடி. அதில் நடக்கலாம், வேறொன்றும் செய்ய இயலாது. இரண்டாம் வீட்டின் நடை 5 அடி நீளமே; 20 சதுர அடி. நடையைக் கழித்தால் முதல் வீட்டில் 742, இரண்டாம் வீட்டில் 760. பெரிய வீடு சிறியதாகிவிட்டது!

இடத்தை அளக்கத் தமிழ் மரபில் பழைய வழி ஒன்று உண்டு. முதலாழ்வார் மூவரும் ஒரு மழை இரவில் திருக்கோவலூரில் ஒரு வீட்டின் இடைகழியில் ஒதுங்கியதாக வைணவ மரபு கூறும். அவ்விடத்தில் ஒருவர் படுக்கலாம், இருவர் அமரலாம், மூவர் நிற்கலாம். அடிக்கணக்கு ஏதும் சொல்லப்படவில்லை. ஆயினும் அந்த இடத்தின் அளவு கேட்போருக்கு உடனே விளங்கிவிடுகிறது. ஓர் அறையில் மனிதர் என்ன செய்ய முடியும் என்பதே அதன் உண்மையான அளவு. ரேழி என்று இன்றும் சில வீடுகளில் வழங்கும் சொல், இந்த இடைகழி என்பதன் திரிபே.

கணக்கு இவ்வாறு மாறிய பின்னும், குடும்பத்தில் மூவரின் விருப்பமும் முதல் வீட்டையே சார்ந்திருந்தது. அதற்குத் தக்க காரணங்கள் இருந்தன.

முதலாவது, அதன் பால்கனி தெற்கு நோக்கியது. தமிழ்நாட்டில் தெற்கு வாயில் என்றால் தென்றலை நினைப்பர். தில்லிப் பகுதியில் தெற்கின் சிறப்பு குளிர்கால வெயில். திசம்பர் இறுதியில் சென்னையில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 53 பாகை உயரத்தில் நிற்கும். தில்லியில் 38 பாகையே. தாழ்ந்து வரும் அவ்வெயில், மேலே மறைப்பில்லாத ஏழடி உயரச் சன்னல் வழியே ஏறத்தாழ ஒன்பதடி தூரம் அறைக்குள் நுழையும். சூன் மாதத்திலோ சூரியன் ஏறத்தாழத் தலைக்கு நேரே ஏறிவிடுவதால், சிறிய வெயில்மறைப்பு ஒன்றே அதனைத் தடுத்துவிடும். குளிரில் வெப்பமும் கோடையில் நிழலும் தரும் திசை அங்குத் தெற்கு. இரண்டாம் வீட்டின் பால்கனியோ மேற்கு நோக்கியது. மே, சூன் மாதங்களில் மாலை வெயிலும், 'லூ' எனப்படும் வறண்ட அனல்காற்றும் வரும் திசை அது. குளிர்காலத்தில் பிற்பகலில் சிறிது வெயில் கிட்டும். காலைக் குளிருக்கு அது உதவாது.

இரண்டாவது, சமையலறை. முதல் வீட்டில் அது தனி அறை. பின்புறம் பாத்திரம் துலக்கவும் துணி துவைக்கவும் சிறு இடமும் இருந்தது. இரண்டாம் வீட்டில் சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையே சுவரே இல்லை. மிளகாய் தாளிக்கும் நெடி கூடம் முழுவதும் பரவும் என்று தாய் கூறினார். விளம்பரப் படத்தில் அதே அமைப்பு மிக அழகாகத் தோன்றியது என்பது வேறு செய்தி. படத்தில் எவரும் தாளிப்பதில்லை.

மூன்றாவது, மகளின் மேசை. முதல் வீட்டின் இரண்டாம் படுக்கையறை 11 அடிக்கு 9 அடி. இரண்டாம் வீட்டில் அது ஒன்பதரை அடிக்கு 9 அடி. இரண்டு அறைகளுள் சிறியது 7.5 சதுர மீட்டருக்குக் குறையலாகாது என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பின் அளவு. அதாவது ஏறத்தாழ 81 சதுர அடி. இரண்டும் அதைத் தாண்டியவையே. ஆனால் மகள் கட்டம் போட்ட தாளில் இரண்டு கட்டில்கள், ஓர் இரும்பு அலமாரி, ஒரு மேசை ஆகியவற்றை வெட்டி வைத்துப் பார்த்தாள். முதல் வீட்டில் எல்லாம் பொருந்தின. இரண்டாம் வீட்டில் கட்டில்களையும் அலமாரியையும் கதவு திறக்கும் வளைவையும் விட்டபின், மேசையும் நுழைந்தது. நாற்காலியைப் பின்னே இழுக்க இடமில்லை.

இந்நிலையில் பாட்டியிடம் தொலைபேசியில் பேசினர். வெயில், கூடம், சமையலறை எல்லாவற்றையும் பேத்தி விவரித்தாள். பொறுமையாகக் கேட்ட பாட்டி, "எல்லாம் சரி கண்ணு, இரவில் எழுந்தால் குளியலறைக்கு எத்தனை எட்டு வைக்க வேண்டும்?" என்று மட்டும் கேட்டார்.

வரைபடத்தை எத்தனையோ முறை பார்த்திருந்தும், அந்த வினாவை அதனிடம் எவரும் கேட்டிருக்கவில்லை.

அன்று மாலை, வாடகை வீட்டின் மொட்டைமாடியில் மகள் சுண்ணக்கட்டியால் கோடு வரைந்தாள். வீடு முழுவதையும் வரையவில்லை. பாட்டியின் கட்டில், அறைக்கதவு, நடை, குளியலறை ஆகியவற்றை மட்டும் உண்மை அளவில் வரைந்தாள். தாய், முழங்கால் வலியுள்ளவரைப் போலச் சிறு எட்டு வைத்து நடந்தார். முதல் வீட்டில் நீண்ட நடை முழுவதையும் கடந்து, உண்ணும் இடத்தின் குறுக்கே திரும்பி, 29 அடி செல்ல வேண்டியிருந்தது. இருபத்து மூன்று எட்டு. இரண்டாம் வீட்டில் 6 அடி. ஐந்து எட்டு.

தந்தை உடனே இசையவில்லை. "முதல் வீட்டிலேயே குளியலறையை இடம் மாற்றிக் கட்டலாகாதா?" என்று வினவினார். இங்கேதான் வரைபடத்தைப் படிப்பதில் மிக இன்றியமையாத பகுதி வருகிறது. அடுக்குமாடியில் குளியலறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. எல்லாத் தளங்களின் கழிவுநீர்க் குழாய்களும் ஒரே இடைவெளி வழியாகக் கீழே இறங்குகின்றன. ஒரு வீட்டார் மட்டும் தம் குளியலறையை நகர்த்த இயலாது. தூண்களும் அவ்வாறே. திசையையும் மாற்ற முடியாது. மாற்றத்தக்கவை வேறு. மேற்குப் பால்கனியில் மூங்கில் தட்டி தொங்கவிடலாம். சமையலறையில் புகைபோக்கி பொருத்தலாம். இரண்டாம் வீட்டின் குளியலறைக் கதவு உட்புறமாகத் திறப்பதாக இருந்தது. முதியவர் உள்ளே விழுந்துவிட்டால் அத்தகைய கதவை அவர் உடலே தடுத்துவிடும். வெளிப்புறமாகத் திறக்குமாறு கதவை மாற்றிப் பொருத்துவது தச்சருக்கு ஒரு நாள் வேலை.

ஆயினும் எல்லாவற்றையும் சரிசெய்துவிட முடியாது. குளிர்காலக் காலை வெயிலை இரண்டாம் வீட்டுக்குள் கொண்டுவர வழியில்லை. வெயில் வேண்டுமானால் பாட்டி மின்தூக்கியில் இறங்கிப் பூங்காவுக்குச் செல்ல வேண்டும். துவைக்கும் இடம் இல்லாதது தாய்க்குக் குறையே. மகளின் மேசை அறைக்குள் வாராது.

குடும்பம் இரண்டாம் வீட்டைத் தேர்ந்தது. வரைபடத்தின் ஒரு படியில், கூடத்தின் பால்கனிக் கதவை ஒட்டிய மூலையில், மகள் மூன்றடிக்கு இரண்டடியாக ஒரு கட்டம் வரைந்து அதனுள் 'மேசை' என்று எழுதினாள். நாற்காலிக்கும் இடம் விட்டிருந்தாள்.

சொற்பொருள்

இடைகழி – வாயிலுக்கும் உள்வீட்டுக்கும் இடைப்பட்ட வழி
புழங்குதல் – நடமாடிப் பயன்படுத்துதல்
பாகை – கோணத்தின் அளவு
நெடி – மூக்கை உறுத்தும் மணம்
எட்டு – காலடி
திரிபு – மாறி வழங்கும் வடிவம்

பயிற்சி

1. 110 சதுர அடியாகத் தோன்றிய வேறுபாடு எவ்வாறு மாறிற்று? கணக்கிட்டுக் காட்டுக.

2. தில்லிப் பகுதியில் தெற்கு நோக்கிய பால்கனியின் பயனைக் காரணத்துடன் விளக்குக.

3. 'எட்டு', 'நடை' ஆகிய சொற்களுக்கு இரண்டிரண்டு பொருள் கண்டு, ஒவ்வொன்றையும் தனித்தனித் தொடரில் அமைக்க.

4. குடும்பம் முதல் வீட்டைத் தேர்ந்திருக்க வேண்டும் என்று கருதுவோர் கூறத்தக்க காரணங்களை ஒரு பத்தியில் எழுதுக.

5. நீவிர் வாழும் வீட்டின் வரைபடத்தை வரைக. அவ்வீட்டில் வாழும் மூத்தவர் ஒருவரிடம், மாற்ற விரும்பும் ஒன்றைக் கேட்டு எழுதுக. அது மாற்றத்தக்கதா, ஆகாததா என்பதையும் குறிப்பிடுக.