விதை முளைத்த வேகம்

பட்டாணி விதையை நடுகிறோம். முளைத்துச் செடியாகப் பல நாள் ஆகும். பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாலும் அது வளர்வது கண்ணுக்குத் தெரியாது.

1912-ஆம் ஆண்டு. ஊர் பம்பாய். தாதாசாகேப் பால்கேவுக்கு சினிமா எடுக்க ஆசை. கையில் பணம் இல்லை. யார் நம்பிக் கடன் கொடுப்பார்?

பால்கே ஒரு தொட்டியில் பட்டாணி நட்டார். எதிரே கேமராவை வைத்தார். நாள்தோறும் செடியைப் படம் எடுத்தார். பிறகு அந்தப் படங்களை வரிசையாக ஓட்டிக் காட்டினார். அடடா! கண் எதிரே செடி வளர்ந்தது. அதைப் பார்த்த ஒருவர் கடன் கொடுத்தார். பால்கேயின் மனைவி சரஸ்வதிபாயின் நகைகளும் அடகுக்குப் போயின. 1913-இல் ‘ராஜா ஹரிச்சந்திரா’ வெளிவந்தது.

இன்று கணினியிலும் இப்படிப் படம் ஓட்டலாம். கணக்கு அதேதான்.

நாளுக்கு ஒரு படம். 30 நாளில் 30 படம். நொடிக்கு 15 படம் என்று கணினியில் எண் கொடுங்கள். 2 நொடியில் செடி வளர்ந்துவிடும். வேகம் அதிகமா? எண்ணை 5 ஆக்குங்கள். 6 நொடி ஓடும். ஆனால் செடி வெட்டி வெட்டித் துள்ளும். பார்க்க நன்றாக இராது.

மெதுவாக ஓட வேண்டும். துள்ளவும் கூடாது. என்ன செய்வது? எண் 15 ஆகவே இருக்கட்டும். படங்கள்தான் கூட வேண்டும். 6 நொடிக்கு 90 படம். அதாவது, காலை, மதியம், மாலை என்று நாளுக்கு மூன்று முறை செடியைப் படம் எடுக்க வேண்டும்.