வண்டி ஏன் தாமதமாகிறது?

நுழையும்முன்

தாராவி, மாதுங்கா, செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி ஆகிய இடங்களில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. மும்பையின் புறநகர் ரயிலை, அதாவது ‘லோக்கல்’ வண்டியை, அறியாத குடும்பம் அவற்றுள் இல்லை. அவ்வண்டி நின்றுவிடும் நாள்களில் என்ன நிகழ்கிறது, ஏன் நிகழ்கிறது என்பதை இப்பாடம் கூறுகிறது. வேறு நகரங்களில் வாழும் மாணவர்களும் தம் ஊர் ரயிலோடு இதனை ஒப்பிட்டுப் படிக்கலாம்.

பாடம்

கல்யாண், பத்லாப்பூர், டோம்பிவிலி போன்ற ஊர்களிலிருந்து மும்பைக்கு வேலைக்குச் செல்வோர், தாம் ஏறும் வண்டியை அது புறப்படும் நேரத்தாலேயே குறிப்பிடுவர். “ஏழு ஐம்பது போய்விட்டதா?” என்று நடைமேடையில் ஒருவர் வினவினால், அவர் நேரத்தைக் கேட்கவில்லை, வண்டியைக் கேட்கிறார். நிமிடமே வண்டிக்குப் பெயராகிவிட்ட நகரத்தில் இருபது நிமிடத் தாமதம் சிறிய செய்தி அன்று.

அந்த இருபது நிமிடத்தின் விலை எல்லார்க்கும் ஒன்றாக இருப்பதில்லை. பல அலுவலகங்களில் மூன்று நாள் தாமதமாக வந்தால் ஒரு நாள் விடுப்புக் கழிக்கப்படும். நான்கு வீடுகளில் வேலை செய்யும் பெண்ணுக்கு முதல் வீட்டில் ஏற்படும் தாமதம் நான்காம் வீடு வரை தொடரும். ‘நாக்கா’ எனப்படும் தெருமுனையில் காலையில் கூடி நிற்கும் கட்டட வேலையாள்களை மேற்பார்வையாளர் வந்து அழைத்துச் சென்றபின், அங்குப் போய்ச் சேர்பவருக்கு அன்றைய கூலி இல்லை. தேர்வு எழுதச் செல்லும் மாணவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே நடைமேடையில் எழும் சினம் காரணமற்ற சினம் என்று யாரும் கருத வேண்டா.

அச்சினத்தை மிகுவிப்பது வண்டி வராமை மட்டுமன்று, காரணம் தெரியாமையும்தான். ஒலிபெருக்கியில் மராத்தி, இந்தி, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் அறிவிப்பு வரும். தொழில்நுட்பக் கோளாறு என்று சொல்லப்படும். ஏற்பட்ட இடர்ப்பாட்டுக்கு வருத்தமும் தெரிவிக்கப்படும். எங்கே கோளாறு, எவ்வளவு நேரம் ஆகும், பேருந்தில் போய்விடலாமா என்ற மூன்று வினாக்களுக்கும் அதில் விடை இருப்பது அரிது. வருத்தத்தைக் காட்டிலும் விடையே பயணிக்குப் பயன்படும்.

விடையை நாமே சற்றுத் தேடிப் பார்ப்போம்.

இந்தியாவின் முதல் பயணியர் ரயில் 1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் மும்பையின் போரிபந்தரிலிருந்து தானேவுக்கு 34 கிலோமீட்டர் ஓடியது. 1925ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் நாட்டின் முதல் மின்சார ரயிலும் இதே நகரத்தில், விக்டோரியா முனையத்துக்கும் குர்லாவுக்கும் இடையே ஓடியது. அம்முனையம் இன்று சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையம் என்று அழைக்கப்படுகிறது. அன்று சிலருக்கு வியப்பாக இருந்த வண்டி இன்று நாள்தோறும் ஏறக்குறைய 75 இலட்சம் பயணங்களைச் சுமக்கிறது. நெரிசல் நேரத்தில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் 14 முதல் 16 பேர் வரை நிற்கின்றனர் என்று ரயில்வே பொறியாளர்களே கணக்கிட்டுள்ளனர். ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள கட்டத்தைத் தரையில் வரைந்து பார்த்தால் அவ்வெண்ணின் பொருள் விளங்கும்.

நெரிசல் நேரத்தில் ஒரே பாதையில் வண்டிகள் ஏறத்தாழ நான்கு நிமிடங்களுக்கு ஒன்றாகச் செல்கின்றன எனக் கொள்வோம். முன்னே செல்லும் வண்டி ஓரிடத்தில் இருபது நிமிடம் நின்றுவிட்டால், பின்னால் ஐந்து வண்டிகள் வரிசையாக நிற்கும். அந்நேரத்தில் ஒவ்வொரு நிலையத்திலும் ஐந்து வண்டிகளில் ஏற வேண்டிய மக்கள் ஒன்றாகச் சேர்ந்துவிடுவர். கோளாறு சரியானபின் முதலில் வரும் வண்டியில் அவர்கள் அனைவரும் ஏற முயல்வர். வழக்கமாக அரை நிமிடம் நிற்கும் வண்டி இரண்டு நிமிடம் நிற்கும். அடுத்த நிலையத்திலும் அவ்வாறே. பழுது நீங்கிய பின்னரும் தாமதம் வளர்ந்துகொண்டே செல்வதற்கு இதுவே காரணம். காலை ஏழு மணிக்கு நிகழ்ந்த ஒரு கோளாற்றின் விளைவு பகல் வரை நீங்காமல் இருப்பதும் இதனால்தான்.

இனி, ‘சிக்னல் கோளாறு’ என்று நாம் அடிக்கடி கேட்கும் சொல்லை எடுத்துக்கொள்வோம். இருப்புப்பாதை சிறுசிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வொரு பகுதியிலும் இரு தண்டவாளங்களின் வழியே மெல்லிய மின்னோட்டம் செலுத்தப்படுகிறது. அது மறுமுனையிலுள்ள கருவியைச் சென்றடையும் வரை அப்பகுதியில் வண்டி இல்லை என்று பொருள். வண்டி நுழைந்தவுடன் அதன் இரும்புச் சக்கரங்களும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிடுகின்றன. மின்னோட்டம் கருவியை எட்டாமல் சக்கரங்களின் வழியே திரும்பிவிடுகிறது. உடனே பின்னுள்ள விளக்கு சிவப்பாகிறது. பின்னால் வரும் வண்டி நின்றுவிடுகிறது.

தண்டவாளம் முறிந்தாலும், கம்பி அறுந்தாலும், பாதையில் வெள்ளம் தேங்கினாலும் மின்னோட்டம் கருவியை எட்டாது. அப்பொழுது அங்கே வண்டி இல்லாவிடினும் விளக்கு சிவப்பாகவே இருக்கும். ஐயம் நேரும்போது நிறுத்துவதே சிக்னல் அமைப்பின் அடிப்படை. கோளாறுற்ற சிக்னல் பச்சையாக எரிவதாக இருந்தால் என்ன நிகழும் என்று எண்ணிப் பாருங்கள். தானியங்கிச் சிக்னல் சிவப்பாக நீடித்தால், ஓட்டுநர் விதிப்படி சிறிது நேரம் நின்று, பின்னர் மிக மெதுவாக வண்டியை நகர்த்திச் செல்வார். பெட்டிக்குள் இருப்பவர்களுக்கு அது காரணமின்றி ஊர்வதாகத் தோன்றும். உண்மையில் முன்னே இன்னொரு வண்டி இருக்கலாம் என்று எண்ணியே அவர் ஓட்டுகிறார்.

மேலே செல்லும் மின்கம்பியின் நிலை வேறு. முன்பு 1,500 வோல்ட் மின்சாரத்தில் ஓடிய மும்பைப் புறநகர் வண்டிகள் 2016ஆம் ஆண்டுக்குள் 25,000 வோல்ட் முறைக்கு மாற்றப்பட்டன. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். வண்டியின் கூரைமேல் மடங்கி விரியும் இரும்புக் கை ஒன்று கம்பியை உரசியபடியே மின்சாரத்தைப் பெறுகிறது. அதனைப் பாண்டோகிராப் என்பர். அது முறிந்து கம்பியில் சிக்கினால் கம்பி நெடுந்தொலைவு வரை அறுந்து தொங்கும். அதனைச் சரிசெய்ய அப்பகுதி முழுவதும் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். பழுதில்லாத வண்டிகளும் அங்கேயே நின்றுவிடும். இத்தகைய பழுதுகளை முன்கூட்டியே தடுக்க நள்ளிரவுக்குப் பின் கிடைக்கும் மூன்று மணி நேர ஓய்வு போதாது. ஆகையால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் ‘மெகா பிளாக்’ என்ற பெயரில் சில பாதைகளில் பகல் நேரத்தில் வண்டிகளை நிறுத்திவைத்துப் பராமரிப்புப் பணி செய்கின்றனர். உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் புறப்படும் குடும்பங்கள் அதனைக் கடிந்துகொள்வது இயல்பே. ஆயினும் ஞாயிற்றுக்கிழமையில் செய்யாத பணி திங்கட்கிழமையன்று நம்மைத் தேடி வரும்.

மழையைப் பற்றித் தனியே கூற வேண்டும். குர்லா, சயான் பகுதிகள் தாழ்வானவை. பெருமழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் நேர்ந்தால் கால்வாய் நீர் வடிய வழியில்லை. கால்வாய்களை அடைத்துக்கொள்ளும் நெகிழிக் குப்பையில் ரயில்வேக்கும் பங்குண்டு, மாநகராட்சிக்கும் பங்குண்டு, சன்னல் வழியே எறிந்த நமக்கும் பங்குண்டு. 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் தொடங்கி 24 மணி நேரத்தில் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. சென்னையில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அது. அன்று வண்டிகள் நின்றன. மக்கள் இடுப்பளவு நீரில் தண்டவாளத்தின் வழியே இரவெல்லாம் நடந்து வீடு சேர்ந்தனர். அன்று வீடு திரும்பாதவர்களும் உண்டு.

பாதைகளின் எண்ணிக்கையும் ஒரு காரணம். கல்யாணைத் தாண்டினால் புறநகர் வண்டிகளும் தொலைதூர வண்டிகளும் சரக்கு வண்டிகளும் பெரும்பாலும் அதே தண்டவாளங்களையே பகிர்ந்துகொள்கின்றன. கோடை விடுமுறையில் நாம் ஊருக்குச் செல்லும் நாகர்கோவில் விரைவு வண்டி அந்த வழியில்தான் செல்கிறது. அது தாமதமாக வந்து முன்னே செல்லும்பொழுது ஒரு கர்ஜத் லோக்கல் ஓரமாகக் காத்து நிற்கும். திவா போன்ற இடங்களில் கடவுப்பாதைக் கதவு முழுவதும் மூடப்பட்டால் அன்றி சிக்னல் பச்சையாகாது. கதவு மூடும்போது வாகனங்கள் முண்டியடித்து நுழைந்தால் வண்டி நிற்கும்.

அந்தத் திவா நிலையத்திலேயே 2015ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் காலையில் பெரும் கலவரம் மூண்டது. பாண்டோகிராப் பழுதினால் வண்டிகள் நின்றன. பொறுமை இழந்த பயணிகள் தண்டவாளத்தில் இறங்கி மறியல் செய்தனர். கல்லெறிதல் நிகழ்ந்தது, வாகனங்கள் எரிக்கப்பட்டன. ரயில் ஓட்டுநர்கள் தாக்கப்பட்டனர். அதனால் மற்ற ஓட்டுநர்கள் வண்டியை இயக்க மறுத்தனர். சில மணி நேரத்தில் தீரக்கூடிய தடை மேலும் பல மணி நேரம் நீண்டது. அன்று அடி வாங்கிய ஓட்டுநர் அந்தப் பாண்டோகிராப்பைச் செய்தவர் அல்லர்; பராமரிப்புக்குப் பணம் ஒதுக்குபவரும் அல்லர்; கூடுதல் பாதை அமைக்கும் பணியைத் தள்ளிப்போட்டவரும் அல்லர். கைக்கு எட்டும் தொலைவில் இருந்தார் என்பது ஒன்றே அவர் செய்த பிழை. அப்பயணிகளின் குறை பொய்க்குறை அன்று. திவாவில் விரைவு வண்டிகள் நிற்க வேண்டும் என்று அவர்கள் நெடுநாள் கேட்டு வந்தனர். கேட்டவர்களுக்கு விடை கிடைத்திருந்தால் கல்லுக்கு வேலை இருந்திராது என்று ஒருவர் வாதிடலாம். அவ்வாதத்தில் பாதி உண்மை உண்டு.

தாமதத்தைவிடப் பெரிய இழப்பு தாமதத்தைத் தவிர்க்கும் அவசரத்தில் நேர்கிறது. பாலம் ஏறாமல் தண்டவாளத்தைக் கடப்பவர்களும் வாசற்படியில் தொங்குபவர்களும் ஆண்டுதோறும் பெருந்தொகையாக உயிரிழக்கின்றனர். 2025ஆம் ஆண்டு ஜூன் 9ஆம் நாள் மும்ப்ராவின் வளைவில், நெரிசல் மிகுந்த வண்டிகளின் வாசலில் தொங்கிச் சென்றவர்கள் கீழே விழுந்தனர், சிலர் உயிரிழந்தனர். அதன்பின் தானாக மூடும் கதவுகளைப் பற்றிய பேச்சு மீண்டும் எழுந்தது.

குறையை எங்குச் சொல்வது? 139 என்ற எண்ணில் ரயில்வேயை அழைக்கலாம். ‘ரயில் மதத்’ செயலியிலும் பதியலாம். நிலைய மேலாளரிடம் எழுத்தாகக் கொடுக்கலாம். பயணியர் சங்கங்களின் பேராளர்கள் ரயில்வேயின் ஆலோசனைக் குழுக்களில் அமர்ந்து பேசுகின்றனர். ஆனால் சொல்லும் முறை முதன்மையானது. “வண்டி எப்பொழுதும் தாமதம்” என்று எழுதினால் படிப்பவர் அதனைக் கோப்பில் வைத்துவிடுவார். “கடந்த திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும் 7.50 விரைவு வண்டி இன்ன இரு நிலையங்களுக்கு இடையே எட்டு நிமிடத்துக்குக் குறையாமல் நின்றது” என்று எழுதினால், அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று ஒருவர் சென்று பார்த்தாக வேண்டும். நாள்குறிப்பில் பயணநேரத்தைக் குறித்துவைக்கும் பழக்கம் உள்ள பயணியை எந்த அலுவலரும் எளிதில் திருப்பி அனுப்ப இயலாது.

சொல்லும் பொருளும்

இருப்புப்பாதை – தண்டவாளம் இட்ட ரயில் பாதை
இடர்ப்பாடு – துன்பம், தொல்லை
கடவுப்பாதை – சாலையும் ரயில் பாதையும் ஒன்றையொன்று கடக்கும் இடம்
மிகுவித்தல் – கூடச் செய்தல்
பேராளர் – பலர் சார்பாகப் பேசுபவர்

வினாக்கள்

1. பழுது நீங்கிய பின்னரும் தாமதம் வளர்வது ஏன்? உங்கள் சொற்களில் எழுதுக.
2. கோளாறுற்ற சிக்னல் பச்சையாக எரியாமல் சிவப்பாக எரியும்படி அமைக்கப்பட்டிருப்பதன் காரணம் யாது?
3. “அவ்வாதத்தில் பாதி உண்மை உண்டு.” மற்றப் பாதி எது என நீங்கள் கருதுகிறீர்கள்?
4. பிரித்து எழுதுக: மின்னோட்டம், அச்சினம், அவ்வெண், வாசற்படி.
5. செய்வினையாக மாற்றுக: வாகனங்கள் எரிக்கப்பட்டன. ஓட்டுநர்கள் தாக்கப்பட்டனர்.

செயல்பாடு

1. கோளாறு நிகழ்ந்த இடம், காரணம், வண்டி புறப்படக்கூடிய நேரம், மாற்றுவழி ஆகிய நான்கும் அமையுமாறு நிலைய அறிவிப்பு ஒன்றைத் தமிழில் மூன்று தொடர்களில் எழுதி வகுப்பில் உரக்கப் படிக்க.
2. உங்கள் வீட்டில் ரயிலிலோ பேருந்திலோ வேலைக்குச் செல்பவர் ஒருவரிடம் கேட்டு, ஐந்து நாள்களின் புறப்பட்ட நேரத்தையும் சேர்ந்த நேரத்தையும் அட்டவணையாக்குக. அதனைக் கொண்டு அவர் சார்பில் போக்குவரத்து அலுவலருக்கு ஒரு கடிதம் வரைக.