எடை குறைக்கும் ஊசியும் காப்புறுதிக் கடிதமும்

வாரத்துக்கு ஒரு தடவை போடும் எடை குறைக்கும் ஊசியைப் பற்றிய பேச்சு கொடகவெல வரைக்கும் வந்துவிட்டது. எங்கள் ஸ்டாஃப் ரூமில் அதைப் பற்றி யார் ஆரம்பித்தாலும் கடைசியில் என் பக்கம்தான் திரும்புவார்கள். "டீச்சர், இதற்குக் காப்புறுதி காசு தருமா?" பல வருடங்களாகச் சீனி வருத்தம், கூடவே எடை, அதற்கு மேல் காப்புறுதிக் கம்பனியோடு நீண்ட கடிதப் போக்குவரத்து என்று எல்லாம் பார்த்தவள் நான். நேராகச் சொன்னால், எடைக்காக மட்டும் என்றால் அநேகமாகத் தராது. சீனிக்காக என்றால் கேட்டுப் பார்க்க இடம் உண்டு.

சீனி வருத்தத்துக்கு அரசாங்க வைத்தியசாலைக் கிளினிக் இருக்கிறது. கொப்பியைக் கொண்டுபோய் வரிசையில் இருந்தால் மெட்ஃபோர்மினும் கூடப் போடும் மாத்திரைகளும் காசில்லாமல் கிடைக்கும். முப்பத்தைந்து வயது தாண்டியவர்கள் ஆரோக்கிய வாழ்வு நிலையத்தில் எடை, பிரஷர், சீனி மூன்றையும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். அங்கே எழுதித் தரும் துண்டுகளைப் பத்திரமாக வையுங்கள், பிறகு காப்புறுதிக்கு அவைதான் சாட்சி. ஆனால் இந்த ஊசி எங்கள் கிளினிக் பாமசியில் கிடைப்பதில்லை. இரத்தினபுரியில் தனியார் டொக்டரிடம் சனல் பண்ணி, துண்டு வாங்கி, வெளியில் கைக்காசு கொடுத்துத்தான் எடுத்தேன்.

அரசாங்க உத்தியோகத்தருக்கு அக்ரஹார காப்புறுதி இருக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம்தான் அதை நடத்துகிறது. மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுகிறார்கள். அதன் முக்கிய நோக்கம் வைத்தியசாலையில் தங்கிச் செய்யும் சிகிச்சை. வீட்டில் இருந்துகொண்டு வயிற்றில் குத்திக்கொள்ளும் ஊசிக்கு அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

எனக்குக் கொஞ்சமாவது கை கொடுத்தது கணவர் வேலை செய்யும் கம்பனியின் குழுக் காப்புறுதி. அதில் தங்காமல் செய்யும் வைத்தியத்துக்கும் வருடத்துக்கு ஒரு தொகை ஒதுக்கியிருந்தது. விற்க வந்த தம்பி, "எல்லாம் கவர் ஆகும், யோசிக்காதீங்க டீச்சர்" என்று சொல்லியிருந்தார். முதல் பில்லை அனுப்பினோம். 'எடைக் கட்டுப்பாட்டுச் சிகிச்சை விலக்குகளில் அடங்கும்' என்று இரண்டே வரியில் பதில் வந்தது. டொக்டரின் துண்டை எடுத்துப் பார்த்தால் மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் எடை என்று மட்டும் இருந்தது. சீனி வருத்தம் என்ற சொல்லே இல்லை.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. மருந்து ஒன்றுதான், செமாகுளூட்டைட். ஒசெம்பிக் என்ற பெயரில் அது அமெரிக்காவில் 2017 டிசம்பரில் சீனி வருத்தத்துக்காக அனுமதி பெற்றது. எடைக்காக, கூடிய அளவில், வீகோவி என்ற பெயரில் 2021 ஜூனில் அனுமதி கிடைத்தது. காப்புறுதிக்காரர் மருந்தைப் பார்ப்பதில்லை, அது எதற்காக எழுதப்பட்டது என்றுதான் பார்க்கிறார். டொக்டரிடம் திரும்பப் போய் என் நோயின் பெயர், எப்போது கண்டுபிடித்தது, ஏற்கெனவே போட்ட மாத்திரைகள், எச்.பி.ஏ.1சி இரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாம் சேர்த்து ஒரு கடிதம் வாங்கினேன். கிளினிக் கொப்பியின் பக்கங்களையும் போட்டோ கொப்பி எடுத்து வைத்தேன். இரண்டாவது தடவை காசு வந்தது. முழுதாக இல்லை, வருடத்துக்கு ஒதுக்கிய தொகை சில மாதத்திலேயே முடிந்துபோனது.

இதைக் கேட்டுவிட்டு, "அப்போ நானும் சீனி என்று எழுதி வாங்கவா?" என்று ஒருவர் கேட்டார். வேண்டவே வேண்டாம். பொய் என்று தெரிந்தால் ஒப்பந்தமே ரத்தாகலாம். தெரியாமல் போனால் இன்னும் மோசம். இல்லாத சீனி வருத்தம் உங்கள் பெயரில் பதிவாகி, நாளைக்கு ஆயுள் காப்புறுதி எடுக்கப் போகும்போது பிரீமியத்தைக் கூட்டிவிடும்.

நம் கம்பனிகள் மட்டும்தான் இப்படி என்று திட்டவும் முடியாது. அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகெயார் மருந்துத் திட்டம் எடை குறைப்பு மருந்துகளை 2003ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே ஒதுக்கி வைத்தது. வீகோவி இதய நோய் ஆபத்தையும் குறைக்கிறது என்று 2024 மார்ச்சில் அனுமதி கிடைத்த பிறகுதான், இதய நோய் உள்ளவர்களுக்கு அங்கே கதவு திறந்தது. இங்கிலாந்தின் அரசாங்க வைத்திய சேவை 2025 ஜூனில் மௌஞ்சாரோ என்ற இன்னொரு எடை குறைக்கும் ஊசியைப் படிப்படியாகக் கொடுக்கத் தொடங்கியது. முதல் வரிசையில் வைத்தது மிக அதிக உடல் பருமனோடு பல நோய்களும் சேர்ந்தவர்களை.

இனிச் செலவு. சாஸ்திரி–சிறிமா ஒப்பந்தத்தில் போன எங்கள் பெரியம்மா வீட்டார் கோத்தகிரியில் இருக்கிறார்கள். அக்கா போனில் சொன்ன விலையைக் கேட்டு வாயடைத்துப் போனேன். இந்தியாவில் மௌஞ்சாரோ 2025 மார்ச்சில் வந்தபோது ஆகச் சிறிய அளவுக் குப்பி ஒன்று 3,500 இந்திய ரூபா. வாரம் ஒன்று வீதம் மாதம் 14,000. அப்போது நம் காசில் நாற்பத்தைந்தாயிரத்துக்கும் மேல். 2024இல் தோட்டத் தொழிலாளிக்கு நிர்ணயித்த அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக இருந்தது. அந்தக் கணக்கில் இருபத்தைந்து நாள் கொழுந்து பறித்தாலும் 33,750தான். நான் படிப்பிக்கும் பிள்ளைகளின் அம்மாமாருக்கு இந்த ஊசி எட்டாது என்று எழுதுவதற்கு இதைவிடக் கணக்குத் தேவையில்லை.

"யாராவது வரும்போது கொடுத்து விடவா?" என்றும் அக்கா கேட்டார். நான் சம்மதிக்கவில்லை. வெளிநாட்டுப் பில்லைக் கம்பனி ஏற்காது என்பது ஒரு காரணம். பெரிய காரணம் குளிர். பிரிக்காத பேனா ஊசி 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. இரத்தினபுரியிலிருந்து பெல்மடுல்ல வழியாக பஸ்ஸில் வரும்போதே ஐஸ் பையில் துணி சுற்றி, பேனா ஐஸில் நேராகப் படாமல்தான் கொண்டுவருவேன். வீட்டில் ஃப்ரீசர் தட்டுக்குக் கிட்ட வைக்காமல் கீழ்த்தட்டில் வைப்பேன். 2024 ஜூனில் உலக சுகாதார நிறுவனம் போலி செமாகுளூட்டைட் பற்றி எச்சரிக்கை விட்டதையும் மறக்க முடியாது. பில் தராத இடத்தில் வாங்காதீர்கள்.

கணக்குப் போடும்போது ஒரு மாதத்தைப் பார்க்காமல் வருடக் கணக்காகப் பாருங்கள். செமாகுளூட்டைட்டை வைத்து 68 வாரம் நடந்த ஆய்வில் எடை சராசரியாகப் பதினைந்து வீதம் குறைந்தது. ஊசியை நிறுத்தி ஒரு வருடத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. ஆறு மாதத்துக்கு நகையை அடகு வைத்துப் போட்டுவிட்டு நிறுத்துவதாக இருந்தால், தொடங்காமல் இருப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. குடும்பத்தில் தைரொயிட் புற்றுநோயோ உங்களுக்குக் கணைய அழற்சியோ இருந்திருந்தால், விலையைக் கேட்பதற்கு முன்பே டொக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

காப்புறுதிக்காரரிடம் கேட்பதைத் தமிழிலேயே எழுத்தில் கேளுங்கள்: தங்காமல் செய்யும் வைத்தியத்துக்கு வருடத்துக்கு எவ்வளவு, எடைக் கட்டுப்பாடு விலக்கில் இருக்கிறதா, முன்பே இருந்த நோய்க்கு எத்தனை காலம் காத்திருக்க வேண்டும், பில் எத்தனை நாளுக்குள் வர வேண்டும். வாயால் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. மறுப்பு வந்தால் காரணத்தைக் கடிதமாக வாங்குங்கள். முதலில் கம்பனியிலேயே மேல்முறையீடு செய்யுங்கள். அதுவும் சரிவராவிட்டால் கொழும்பில் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். அவரிடம் போகும்போது அந்த மறுப்புக் கடிதம் கையில் இருக்க வேண்டும்.