இரண்டடித் தொட்டியில் கடல் மீன்: மாம்பலம் வீடுகளுக்குச் சில குறிப்புகள்

ஃப்ளாட்டில் கடல் மீன் வளர்ப்பது பணக்காரப் பொழுதுபோக்கு என்றொரு பேச்சு உண்டு. ஆசை மட்டும் சென்னைக்குப் பழசு. 1909-லேயே மெரினாவில் மீன் காட்சிச்சாலை திறந்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதை மூடிவிட்டார்கள். வீட்டில் வைக்க அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். மீனைவிடத் தண்ணீரில் கவனம் இருந்தால் செலவு கையைக் கடிக்காது.

1. தொட்டி ரொம்பச் சின்னதாக இருந்தால் செலவு மிச்சம் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் குறைவாக இருந்தால் சூடும் உப்பும் சட்டென்று ஏறி இறங்கும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் போதும். விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 56 லிட்டர் பிடிக்கும். மணல், கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் ஓர் ஆள் எடை வந்துவிடும். ஷோகேஸ் தட்டு தாங்காது, இரும்பு ஸ்டாண்டு வாங்குங்கள். மேற்கு வெயில் விழும் ஜன்னலோரம் வேண்டவே வேண்டாம்.

2. பீச்சுக்குப் போய்க் குடத்தில் கடல் தண்ணீர் கொண்டு வரலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். கூவமும் அடையாறும் கலக்கிற கரை அது. மழைக்காலத்தில் உப்பின் அளவும் இறங்கிவிடும். போர்த் தண்ணீரும் மெட்ரோ தண்ணீரும்கூட நேரடியாக ஆகாது. ஆர்.ஓ. தண்ணீர்தான் நல்லது. குடிக்கிற ருசிக்காக டி.டி.எஸ்.ஸை ஏற்றி வைத்திருந்தால், அதை முடிந்த மட்டும் குறைத்து வைத்துப் பிடியுங்கள்.

3. சமையல் கல் உப்பைப் போடாதீர்கள். தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு விளைந்ததும் மிச்சக் கசப்பு நீரை வடித்துவிடுவார்கள். மீனுக்கு வேண்டிய மெக்னீசியமும் பொட்டாசியமும் பெரும்பாலும் அதோடு போய்விடும். கடையில் ‘மரைன் சால்ட்’ என்று கேளுங்கள். லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் வரை ஆகும், 50 லிட்டருக்கு இரண்டு கிலோவுக்குள் முடிந்துவிடும். தொட்டியில் கொட்டிக் கலக்காமல், பிளாஸ்டிக் பக்கெட்டில் கரைத்து, ஏர்ஸ்டோன் போட்டு ஒரு நாள் விட்டு ஊற்றுங்கள். உப்பின் அளவைக் காட்டும் ஒப்படர்த்தி (ஸ்பெசிஃபிக் கிராவிட்டி) 1.025 வரவேண்டும். அதைப் பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். இதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

4. வற்றிய அளவுக்கு உப்பில்லாத வெறும் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுங்கள். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு தொட்டியிலேயே இருக்கும். பலர் இங்கேதான் தவறி, மறுபடி உப்புத் தண்ணீரையே ஊற்றி மீனை ஊறுகாய் போட்டுவிடுகிறார்கள். வாரம் ஒரு தடவை ஐந்து லிட்டரை எடுத்துவிட்டுப் புது உப்புத் தண்ணீர் ஊற்றும்போது மட்டும் 1.025 கணக்கு.

5. மே மாதத்தில் தொட்டிச் சூடு 32 டிகிரியைத் தொடும். சில்லர் வாங்கினால் சிக்கனம் காற்றில் போச்சு. தண்ணீர்ப் பரப்பின் மேல் காற்று படுகிற மாதிரி ஒரு சின்ன கிளிப் ஃபேன் மாட்டினால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். தண்ணீர் வேகமாக வற்றும் என்பதால் தினமும் நான்காவது குறிப்பைப் பின்பற்ற வேண்டும்.

6. முதல் நான்கு முதல் ஆறு வாரம் தொட்டியில் மீன் கூடாது. தினம் ஒரு சிட்டிகை மீன் தீவனம் போட்டு அழுக விடுங்கள். அதிலிருந்து வரும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொன்று அதை நைட்ரேட்டாக்கும். டெஸ்ட் கிட்டில் முதல் இரண்டும் பூஜ்யம் காட்டினால்தான் மீன் விடலாம்.

7. முதல் மீனாக பிளாக் மாலி விடுங்கள். கொளத்தூர் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் அதே கறுப்பு மீன்தான். முழுக் கடல் உப்பிலும் அது வாழும் என்பது பலருக்குத் தெரியாது. வாங்கி வந்த மீனைத் தனிப் பக்கெட்டில் ஏர்ஸ்டோனோடு விட்டு, காலையும் மாலையும் ஒரு மக் தண்ணீரை எடுத்துவிட்டு ஒரு மக் உப்புத் தண்ணீர் ஊற்றுங்கள். நாலைந்து நாளில் பழகிவிடும். கண்ணாடியில் படியும் பாசியையும் மேயும். மாலி இரண்டு மாதம் தெம்பாக இருந்தால் ஒரு ஜோடி க்ளௌன் மீன், அதாவது ‘நீமோ’ வாங்கலாம். கடலில் பிடித்ததை விட்டுவிட்டு, பண்ணையில் பொரித்ததைக் கேட்டு வாங்குங்கள். பரங்கிப்பேட்டையிலும் மண்டபத்திலும் ஆராய்ச்சி நிலையங்களில் க்ளௌன் குஞ்சு பொரிக்க வைத்திருக்கிறார்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று டாம்செல் வாங்காதீர்கள், கூட இருக்கும் மீனைத் துரத்தியே கொல்லும்.

8. அலங்காரத்துக்குப் பவளத் துண்டு, கடல் குதிரை, கடல் விசிறி எதுவும் வேண்டாம். 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001-இல் இவையும் சேர்ந்துவிட்டன. கடைக்காரர் “ஒண்ணும் ஆகாது சார்” என்றாலும் வாங்காதீர்கள்.

9. மாம்பலத்தையும் கொசுவையும் பிரிக்க முடியாது. ஆனால் கொசுவத்திச் சுருள், லிக்விட் இரண்டிலும் இருக்கும் மருந்து மீனுக்குக் கொடிய விஷம். ஏர் பம்ப் அறைக் காற்றை இழுத்து நேரே தண்ணீரில் விடுகிறது. ஆகவே தொட்டி இருக்கும் அறையில் வலை, பேட் இரண்டோடு சரி. கார்ப்பரேஷன் புகை வண்டிச் சத்தம் கேட்டதும் ஜன்னலைச் சாத்தி, ஏர் பம்பை அரை மணி நேரம் நிறுத்தி, தொட்டியை ஈரத் துண்டால் மூடுங்கள். சாம்பிராணிக்கும் இதே விதி.

10. உப்பு நீர் ஒயர் வழியே பிளக்குக்குள் இறங்கும். பிளக்குக்குக் கீழே ஒயர் வளைந்து தொங்கட்டும். சொட்டு அங்கேயே விழுந்துவிடும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் வைக்காதீர்கள்.

11. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் கரண்ட் நாள் கணக்கில் போன வீடுகள் பல. காற்றும் ஓட்டமும் நின்றால் கடல் மீன் சில மணி நேரம்கூடத் தாங்காமல் போகலாம். பேட்டரியில் ஓடும் ஏர் பம்பும் கூடுதல் பேட்டரியும் கையில் இருக்கட்டும். தரைத்தள வீடென்றால் ஸ்டாண்டை இன்னும் ஓரடி உயர்த்துங்கள். நவம்பர் பிறப்பதற்குள் இந்த இரண்டையும் முடித்துவிடுங்கள்.