கோடைக்கு ஒரு பூத்துணி

சித்திரை, வைகாசி மாதங்களில் சித்தூரிலும் திருப்பதியிலும் வெயில் கடுமையாக இருக்கும். பல நாள்களில் வெப்பம் 40 டிகிரி செல்சியசைக் கடக்கும். இத்தகைய நாள்களில் உடலுக்கு இதம் தருவது பருத்தி ஆடை. பருத்தி வியர்வையை உறிஞ்சும். தளர்வாகத் தைத்தால் காற்றும் உள்ளே புகும். பாலியெஸ்டர் இழைக்கு இந்த இயல்பு இல்லை. ஆகவே, கோடை ஆடை வாங்குவோர் முதலில் நோக்க வேண்டியது இழையை. பிறகே நிறத்தையும் பூவையும்.

பூ அச்சிட்ட பருத்தித் துணிக்குத் தமிழில் சீட்டி என்று பெயர். சென்ற தலைமுறைச் சிறுமியர் விரும்பி உடுத்தியது சீட்டிப் பாவாடை. சோழமண்டலக் கடற்கரையிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் இவ்வகைத் துணிகள் ஐரோப்பாவுக்குக் கப்பலேறின. துவைத்தாலும் மங்காத அவற்றின் நிறம் அங்குள்ளோரை வியக்கவைத்தது. உள்நாட்டு நெசவாளரின் பிழைப்புக் கெடும் என்று அஞ்சிய பிரான்சு 1686இல் அவற்றைத் தடைசெய்தது; அத்தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்தும் 1700இல் இறக்குமதியைத் தடுத்தது.

அன்றைய கைவினை இன்றும் வாழும் ஊர்களுள் ஒன்று, பொன்முகலி ஆற்றங்கரையில் உள்ள திருக்காளத்தி. சித்தூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022ஆம் ஆண்டு முதல் திருப்பதி மாவட்டத்தில் உள்ளது. இங்கு வரையப்படும் துணி கலம்காரி எனப்படும். ‘கலம்’ என்னும் பாரசீகச் சொல்லுக்கு எழுதுகோல் என்பது பொருள். நலிந்திருந்த இக்கலைக்கு 1950களில் கமலாதேவி சட்டோபாத்யாய் புத்துயிர் ஊட்டினார். இன்று இது புவிசார் குறியீடு பெற்றுள்ளது.

கலம்காரித் துணியில் ஒரு பூ மலர்வதற்குப் பல நாள்கள் ஆகும். முதலில் துணியைக் கடுக்காய்ச் சாறும் பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்துவர். பால், மை பரவாமல் காக்கும். பழைய இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் பல நாள் புளிக்கவைத்துக் கரிய மை செய்வர். மூங்கில் குச்சியில் சுற்றிய கம்பளியை அம்மையில் தோய்த்து, விரலால் அழுத்தி அழுத்திக் கோடு வரைவர். கடுக்காயும் இரும்பும் சேரும் இடத்தில் கோடு கருக்கும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகார நீரைப் பூசிச் சாயவேரோடு கொதிக்கவைப்பர். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சாயம் பற்றும். ஒவ்வொரு நிறத்திற்கும் அலசுதலும் உலர்த்துதலும் மீண்டும் நிகழும்.

இவ்வளவு உழைப்பும் கடைக்காரர் சொல்லும் ஒரு சொல்லில் மறைந்துவிடலாம். இயந்திரத்தில் அச்சிட்ட துணியும் ‘கலம்காரி’ என்றே விற்கப்படுகிறது. அச்சுத் துணி அணிவது தவறன்று. அது மலிவானது, அன்றாடத்திற்கு ஏற்றது. ஆனால், அச்சுக்குக் கைவேலையின் விலையைக் கொடுத்தால் வாங்குவோர் ஏமாறுவர். வரைந்தவருக்கும் கூலி சேராது. எனவே, துணியை விரித்து அருகருகே உள்ள இரு பூக்களை ஒப்பிட வேண்டும். கையால் வரைந்த பூக்கள் உடன்பிறந்தார் போல ஒத்திருக்கும். ஆனால் ஒன்றாக இரா. கோடு ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் செல்லும். மசூலிப்பட்டினத்து வகையில் மரஅச்சால் பதிப்பதால் பூ மீண்டும் மீண்டும் வரும். அச்சுகள் சேரும் இடத்தில் சிறு விலகல் தெரியும். இயந்திர அச்சில் எல்லாப் பூவும் பிசகின்றி ஒன்றாகவே இருக்கும். ஐயம் எழுந்தால், “ஐயா, இது கையால் வரைந்ததா, அச்சிட்டதா?” என்று கேட்பதில் கூச்சம் வேண்டா.

உடுத்தும் முறையும் எளியதே. சட்டையில் பெரிய பூ இருந்தால், பாவாடையோ கால்சட்டையோ பூவில்லாததாக இருத்தல் அழகு. அதன் நிறத்தைப் பூவில் உள்ள ஒரு நிறத்திலிருந்தே தேர்ந்தெடுக்கலாம். ஆடையே பேசும்போது அணிகலன் குறைவாக இருந்தால் போதும். முதல் சில முறை தனியாகக் குளிர்ந்த நீரில் அலசி, உட்புறத்தை வெளியே திருப்பி நிழலில் உலர்த்தினால் நிறம் நீடிக்கும்.

விலையைக் கேட்கும் முன் வேலையை அறிந்தவரே நல்ல துணியைத் தேர்வார்.

அருஞ்சொற்பொருள்
இதம் – இன்பம், நலம்
நலிந்த – மெலிந்த, தேய்ந்த
பிசகின்றி – தவறாமல்
ஐயம் – சந்தேகம்

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. பூ அச்சிட்ட பருத்தித் துணியின் தமிழ்ப் பெயர் ________.
2. துணியில் மை பரவாமல் காப்பது ________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கோடைக்குப் பருத்தி ஏற்றது ஏன்?
2. பிரான்சு பூத்துணிகளைத் தடைசெய்யக் காரணம் யாது?

இ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.
கைவேலையையும் இயந்திர அச்சையும் எவ்வாறு வேறுபடுத்தி அறியலாம்?

ஈ. செயல்பாடு
வீட்டில் உள்ள பூத்துணி ஒன்றை எடுத்து, இரு பூக்களை ஒப்பிட்டு, கண்டவற்றை ஐந்து தொடர்களில் எழுதுக.